ஒன்பதாவது கையெழுத்து

யானைச் சாணம் சூடாக இருந்தால் அப்படியே திரும்பிவிட வேண்டும். பதினாலு வருஷமாகப் பொன்னுமணி தனக்குத்தானே வைத்திருந்த சட்டம் அது. இன்றைக்கு ஒற்றையடிப் பாதையின் நடுவில் கிடந்த குவியலுக்கு மேலே உள்ளங்கையை நீட்டிப் பார்த்தாள். அப்போதுதான் இறக்கிய சோற்றுப்பானை மாதிரி அனல் அடித்தது.

அவள் திரும்பவில்லை.

மணி ஐந்தரை இருக்கும். கிழக்கே போடிப் பக்கம் வானம் லேசாக வெளுத்திருந்தது. மேற்கே மலை இன்னும் கருகருவென்று நின்றது. செல்போன் வெளிச்சத்தை முந்தானையால் மூடி, காலடியில் மட்டும் விழும்படி பிடித்துக்கொண்டு ஏறினாள். யானைக்குப் பயந்து மூடவில்லை. கீழே ஊருக்குள் எவராவது அண்ணாந்து பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். ஐந்து நாளாக ஒத்தைக் கொம்பன் ஒன்று இந்தச் சரிவில் நிற்கிறது. அதற்கும் பயம்தான். ஊர்ப் பேச்சுக்கு அதைவிடப் பயம்.

கரட்டின் உச்சியில் ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் தொட்டி இருக்கிறது. ஓடைத் தண்ணீர் குழாய் வழியாகத் தானாக வந்து நிறையும், தானாகவே கீழே இறங்கும். புளியங்கரடு பேரூராட்சியில் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்வதுதான் பொன்னுமணியின் வேலை. தினமும் காலையில் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளியவிட்டு, தெளிந்ததைத் தொட்டிக்குள் ஊற்ற வேண்டும். ஊரில் அதற்கு 'மருந்து போடுறது' என்று பேர்.

இன்றைக்கு அவள் மருந்து போடக் கூடாது. நேற்றும் போட்டிருக்கக் கூடாது. அவளையும் சேர்த்து ஒன்பது பேர் இப்போது விடுப்பில் இருக்கிறார்கள்.

பேரூராட்சியில் மொத்தம் பதினெட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். அதில் ஒன்பது பேர் வருஷக்கணக்காகத் தொகுப்பூதியத்தில் கிடப்பவர்கள். இரண்டு வருஷத்துக்குள் நானூற்று எண்பது நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பொன்னுமணி பார்த்தது பதினாலு வருஷம். அதைச் சொல்லித்தான் சங்கம் மனுப் போட்டிருந்தது. 'ஒன்பது பேரையும் நிரந்தரம் பண்ணினால் வீட்டு வரியை ஏற்றாமல் முடியாது' என்று மன்றக் கூட்டத்தில் ஒருவர் பேசிவைத்தார். அவ்வளவுதான், ஊர் பற்றிக்கொண்டது. ஏற்கெனவே ஏறிய வரிக்கே முழி பிதுங்கிக்கொண்டிருந்த சனங்கள், வரி செலுத்துவோர் நலச்சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, குப்பை, தண்ணீர் எல்லாவற்றையும் கான்ட்ராக்ட்காரரிடம் விட்டுவிடச் சொல்லி எதிர்மனுக் கொடுத்தார்கள். கான்ட்ராக்ட் வந்தால் பொன்னுமணிக்கு வேலை போய்விடும். புருஷன் போனபிறகு அவளையும் மகளையும் கரைசேர்த்தது இந்த வேலை ஒன்றுதான்.

அதை எதிர்த்துத்தான் சங்கச் செயலாளர் சின்ராசு மூன்று நாள் கூட்டு விடுப்பு அறிவித்தான். குப்பை வண்டி டிரைவர் அவன். நாளிதழைக் கடைசி வரிவரைக்கும் படிக்கிற ஆள்.

"ஸ்ட்ரைக்குன்னா பதினாலு நாளைக்கு முன்னாடி நோட்டீசு கொடுக்கணும். லீவுக்கு எதுக்கு நோட்டீசு? புதுச்சட்டத்துல என்ன சொல்றான், பாதிப் பேருக்கு மேல ஒரே நாள்ல லீவு போட்டா அதுவும் ஸ்ட்ரைக்குதாங்கிறான். நாம பதினெட்டுல ஒன்பது. பாதியைத் தாண்டல. எவனும் நம்மள அசைக்க முடியாது" என்றான்.

புதிதாகச் சேர்ந்த துப்புரவுக்காரி சூர்யகலா பத்தாவதாகக் கையெழுத்துப் போட வந்தபோது, "நீ சும்மா இரு தாயி, கணக்கைக் கெடுத்துறாத" என்று அவளைத் திருப்பி அனுப்பினான். ஒன்பதாவது கையெழுத்து பொன்னுமணியுடையது. பேனாவை வாங்கிக்கொண்டே அவள் கேட்டாள்.

"தண்ணிக்கு என்ன செய்யிறது தம்பி?"

"வால்வைத் திறந்து போட்டுட்டு வந்துருங்கக்கா. தண்ணியை நிப்பாட்டுனா சனம் நம்மள வெளக்குமாத்தால அடிக்கும்."

"தண்ணி வந்துரும். மருந்து?"

"மூணு நாளு மருந்து இல்லாட்டி என்ன? மலைத்தண்ணி. மூலிகையில ஊறி வருது. குடிச்சா ஒடம்புக்கு நல்லது."

எல்லோரும் சிரித்தார்கள். பொன்னுமணி சிரிக்கவில்லை. சின்ராசு குரலைத் தணித்துச் சொன்னான்: "இங்க பாருங்கக்கா. வால்வு அதுபாட்டுக்கு ஓடும். மருந்து போடுறது வேலை. லீவுல இருந்துக்கிட்டு வேலை பாத்தா அதுக்குப் பேரு கருங்காலி."

மூலிகையில் ஊறி வரும் தண்ணீரைப் பற்றி அவளுக்குத்தான் தெரியும். தொட்டியின் வலைமூடியில் செத்த தவளையிலிருந்து பன்றிக்குட்டி வரைக்கும் எடுத்துப் போட்டிருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் பவுடர் தீர்ந்து நான்கு நாள் மருந்து போடாமல் விட்டதில் தெற்குத் தெருவில் இருபது பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. பத்தொன்பது பேர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்திருக்காத ஒருத்தி எட்டு மாசக் கர்ப்பிணி.

பொன்னுமணியின் மகள் கார்த்திகா வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். இப்போது அவளுக்கு எட்டு மாசம். அவளுக்குக் கொதிக்க வைத்துக் கொடுத்துவிடலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரிக்கும், எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கும் 'இன்னைக்கு மருந்து இல்லை, கொதிக்க வைங்க' என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் சங்கத்தைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். சொல்லாவிட்டால்? முந்தாநாள் பெய்த மழையில் ஓடை செம்மண்ணாக ஓடிக்கொண்டிருந்தது.

தொட்டியடிக்கு வந்து சேர்ந்தாள். வேலிக்கம்பி ஒருபக்கம் மடங்கிக் கிடந்தது. நேற்று நன்றாக இருந்த கம்பி அது. தொட்டியை ஒட்டிய மருந்து அறையைத் திறந்து, டப்பாவில் முக்கால் கிலோ அளந்து, வாளியில் கொட்டிக் கலக்கினாள். தெளிவதற்கு அரைமணி நேரமாகும். வழக்கமாக அந்த அரைமணியில் கதவுக்கு வெளியே உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். இன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றாள்.

அப்போதுதான் மூச்சுச் சத்தம் கேட்டது.

பெரிய தோல்பையை அழுத்திக் காற்றை வெளியே விடுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு ஈச்ச மட்டை முறியும் சத்தம். கதவிடுக்கில் பார்த்தாள். தகரக் கதவுக்கும் அதன் காலுக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை. நிறமே இல்லாத ஒரு சுவர் மெல்ல நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. வாளியிலிருந்து கிளம்பிய குளோரின் நெடி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. முந்தானையை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. இங்கே செத்துப்போனால் நாளைக்கு ஊர் என்ன பேசும் என்றுதான் அந்த நேரத்திலும் மனசு ஓடியது. 'லீவுல இருந்தவ மேல எதுக்குப் போனா?'

சுவர் நகர்ந்து முடிந்தது. மட்டை முறியும் சத்தம் ஓடைப்பக்கமாகத் தேய்ந்தது. நூறுவரைக்கும் எண்ணினாள். இன்னொரு நூறு எண்ணினாள். வாளி தெளியும்வரை நின்று, தெளிந்த தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டு, வந்த வழியில் ஓட்டமும் நடையுமாக இறங்கினாள்.

வீட்டுக்குப் பின்வாசல் வழியாக நுழைந்தாள். கை கால் கழுவி, அப்போதுதான் எழுந்தவள் மாதிரி முன்கதவைத் திறந்து வாசல் தெளிக்கப் போனவள், அப்படியே நின்றாள்.

வெளித் தாழ்ப்பாளில் ஒரு கருங்காலி மாலை தொங்கியது.

இப்போது ஊரெங்கும் அந்த மாலைதான். ராசி என்று சொல்லிப் பஸ்ஸில் ஏறி விற்கிறார்கள். இளவட்டங்களில் பாதிப் பேர் கழுத்தில் அதுதான் கிடக்கிறது. யார் வீட்டுக் கதவில் தொங்கினாலும் அது வெறும் கருப்பு மணிமாலை. லீவு போட்டுவிட்டு ஒளிந்து ஒளிந்து வேலைக்குப் போகிற சங்கத்துக்காரி வீட்டுக் கதவில் தொங்கினால்?

தெரிந்துவிட்டது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அவளுக்குச் சுடலை ஞாபகம் வந்தார். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு போராட்டத்தின்போது ஒரே ஒரு நாள் வேலைக்குப் போன மனிதர். ஒருவரும் அவரை ஒரு வார்த்தை பேசவில்லை. மறுமாசம் அவர் மகள் கல்யாணத்துக்கு ஒருவரும் போகவுமில்லை. முந்நூறு இலை போட்ட பந்தியில் பெண்வீட்டார் பதினைந்து பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குப் போகாதவர்களில் பொன்னுமணியும் ஒருத்தி.

மாலையைக் கழற்றி ஒயர்கூடையின் அடியில் போட்டாள்.

"என்னம்மா, மொகமெல்லாம் வேர்த்துக் கெடக்கு?" என்று உள்ளேயிருந்து கார்த்திகா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. புழுக்கம்."

"மார்கழியில புழுக்கமா?"

பொன்னுமணி அடுப்பைப் பற்றவைத்தாள்.

பேரூராட்சி அலுவலகத்துக்கு எதிரே வாகை மரத்தடியில் பந்தல் போட்டிருந்தார்கள். அவள் போனபோது எட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு சட்டென்று நின்ற மாதிரி இருந்தது. நிஜமாகவே நின்றதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வாங்கக்கா. என்ன, மலை ஏறி எறங்குன மாதிரி மூச்சு வாங்குது?" என்றான் சின்ராசு.

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஒடம்பு சரியில்ல."

"மருந்து கிருந்து போட்டீகளா?"

பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். பொன்னுமணி உட்கார்ந்த இடத்திலேயே சுருங்கினாள். ஒவ்வொரு சொல்லும் பார்த்துப் பொறுக்கி எடுத்து எறிகிற கல்லாகத்தான் அவளுக்குப் பட்டது. இவர்கள் திட்டினால் தேவலை. சிரித்துக்கொண்டே வைத்திருக்கிறார்களே, என்ன செய்யப்போகிறார்கள்? மனுவில் அவள் பேரை அடித்துவிடுவார்களோ? அடித்துவிட்டால் பதினாலு வருஷமும் ஓடைத் தண்ணீரோடு போச்சு.

பதினொரு மணிக்கு அலுவலக எழுத்தர் வெளியே வந்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டிவிட்டு, இவர்கள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். சின்ராசு எழுந்து போய்ப் படித்தான். படித்துக்கொண்டே இருந்தான். பாதியில் அவன் பிடரி வேர்த்ததைப் பொன்னுமணி பார்த்தாள்.

"சத்தமா படி மாப்ளே" என்று ஒருவன் கத்தினான்.

சின்ராசு படித்தான். அவன் குரல் அவனுடையதாகவே இல்லை. "'மொத்தப் பணியாளர்களில் ஐம்பது விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்டோர் கூட்டாக விடுப்பு எடுத்தால் அது வேலைநிறுத்தமே ஆகும். முன்னறிவிப்பு இல்லாத இந்த வேலைநிறுத்தம் சட்டவிரோதமானது. இதில் ஈடுபட்ட ஒன்பது பேரையும் ஏன் பணியிலிருந்து நீக்கக் கூடாது என்பதற்கு...'"

அதற்கு மேல் அவன் படிக்கவில்லை.

"பாதிக்கு மேலன்னு சொன்ன?" என்று பந்தலிலிருந்து ஒருவன் கேட்டான்.

"அப்படித்தான் படிச்சேன்."

"ஐம்பது அல்லது அதுக்கு மேலன்னு போட்டிருக்கு. நாம ஒன்பது. பதினெட்டுல சரிபாதி."

சின்ராசு தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். பத்தாவது ஆளை விரட்டியவன், ஒன்பதாவது ஆளையும் விரட்டியிருக்க வேண்டும். ஒருத்தர் குறைந்திருந்தால் அவர்களைத் தொட முடியாது.

அந்த நேரம் பார்த்து வரி செலுத்துவோர் சங்கத்துக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தெருமுனையில் வந்தார்கள். முன்னால் வந்தவர் தலைவர் அப்துல் அஜீஸ். பஜாரில் ஏலக்காயும் மளிகையும் வைத்திருப்பவர். ஊரில் அவர் கடையில் பற்று வைக்காத வீடு குறைவு.

"என்ன சின்ராசு, குப்பை நாறுது. ரெண்டு நாளா ஈ மொய்க்குது கடையில" என்றார்.

"எங்க வயிறு காயுது பாய். அதுக்கு ஈ கூட வரல."

"ஒங்க வயித்துக்கு நான் குறுக்க நிக்கல தம்பி. ஆனா ஒங்க ஒன்பது பேரு சம்பளமும் எங்க கதவு நம்பருக்குப் போடுற வரியிலதானே வந்து விழுது? ஓட்டுவீட்டுக்காரி ஒருத்தி வரி கட்ட காதுத்தோட்டைக் கழட்டிட்டு வந்து நிக்கிறா. அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"நானும் வீட்டு வரி கட்டுறவதான் பாய்" என்றாள் பொன்னுமணி. தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வேறு நாளாக இருந்தால் பந்தல் கைதட்டியிருக்கும். இன்றைக்கு ஒருவரும் அசையவில்லை.

சின்ராசு திரும்பினான். பயந்த மனுஷனுக்கு எவன் மீதாவது பழியைப் போட்டால்தான் மூச்சு வரும். "நம்ம எண்ணிக்கை எப்படி ஆபீசுக்கு இவ்வளவு வெரசா போச்சு? உள்ளுக்குள்ள எவனோ போட்டுக் கொடுத்திருக்கான். நமக்குள்ளயே ஒரு கருங்காலி இருக்கு. அது யாருன்னு எனக்குத் தெரியும்" என்றான்.

அவனுக்கு ஒன்றும் தெரியாது. குத்துமதிப்பாக அடித்தான். ஆனால் பொன்னுமணிக்குள் காலையிலிருந்து இழுத்துக்கட்டியிருந்த கயிறு அறுந்தது. எழுந்தாள். ஒயர்கூடைக்குள் கைவிட்டு அந்த மாலையை எடுத்து அவன் காலடியில் போட்டாள்.

"போதும் தம்பி. கதவுல மாட்டுனீங்க, வாங்கிக்கிட்டேன். சிரிச்சீங்க, அதையும் வாங்கிக்கிட்டேன். இன்னும் எதுக்குச் சுத்தி வளைக்கிறீங்க? ஆமா, நான் போனேன். நேத்தும் போனேன், இன்னைக்கும் போனேன். மருந்து போட்டேன். என் மக எட்டு மாசம். தெற்குத் தெருவுல செத்தவளும் எட்டு மாசம். என்னால முடியல. கருங்காலின்னா கருங்காலின்னே வச்சுக்கங்க. ஆனா ஆபீசுல நான் ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல."

சின்ராசு காலடியில் கிடந்த மாலையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "எந்தக் கதவு? என்ன மாலை?"

"என் வீட்டுக் கதவு."

"நாங்க மாட்டலக்கா."

எதிர் டீக்கடையில் இருந்து ஒருவன் டம்ளரை வைத்துவிட்டு ஓடிவந்தான். பொன்னுமணியின் மருமகன் மனோஜ். தோட்ட ஆட்களை போடிமெட்டுக்கு ஏற்றிப்போகும் ஜீப்பு டிரைவர். முதல் லோடை இறக்கிவிட்டு வந்திருந்தான்.

"அத்தை, அது நான் மாட்டுனது."

"நீங்களா மாப்ளே?"

"நேத்து விடியக்காலம் ஜீப்புல போகையில கரட்டுல ஒத்தை வெளிச்சம் பாத்தேன். நீங்கதான்னு தெரியும். ஒத்தைக் கொம்பன் நிக்கிற எடம். ஒங்ககிட்டப் போகாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. போடியில நூத்தம்பது ரூவாய்க்கு வாங்குனேன். கெட்டது அண்டாதுன்னு கடைக்காரன் சொன்னான். கையில குடுக்கக் கூச்சமா இருந்துச்சு. கதவுல மாட்டிட்டுப் போயிட்டேன்."

வரிக்காரர்கள் கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார். அது பந்தலுக்கும் தொற்றியது. பொன்னுமணி மட்டும் சிரிக்கவில்லை. ஒருவருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் தெரிந்தும் இருக்காது. அந்த மாலையைத் தன் கழுத்தில் தானே மாட்டிக்கொண்டாள்.

சிரிப்பு அடங்கியதும் சின்ராசு நிதானமாகக் கேட்டான். "அப்போ மருந்து போட்டது நெசமா?"

"யார் மருந்து போட்டது?"

குரல் அலுவலகப் படியிலிருந்து வந்தது. செயல் அலுவலர் ஈஸ்வரன் சத்தம் கேட்டு வெளியே வந்திருந்தார். கையில் ஒரு கத்தை உறை. ஒன்பது உறை என்று எண்ணாமலே தெரிந்தது. அவர் பொன்னுமணியைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ லீவுல இல்ல இருக்க? அப்போ ரெண்டு நாளா தொட்டிக்கு யாரு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். விடுப்பில் போனவள் செய்யும் வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவருக்கு இந்த நிமிஷம் வரைக்கும் தோன்றவில்லை. நோட்டீஸ் தயார் செய்வதிலேயே இரண்டு நாளும் போயிருந்தது. ஊரில் ஒரே ஒரு ஆளுக்குக் கண் மஞ்சளாகியிருந்தால் முதல் கேள்வி அவரைத்தான் கேட்பார்கள்.

"மருந்து போட்டதுக்கு என்ன அத்தாட்சி?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

பொன்னுமணிக்கு அத்தாட்சி எதுவும் இல்லை. பயந்து பயந்து செய்கிற காரியத்துக்கு யார் சாட்சி வைத்துக்கொள்வார்கள்? மருமகன் பார்த்தது ஒரு வெளிச்சத்தை மட்டும்.

"வாடை வந்துச்சு சார்" என்றார் அப்துல் அஜீஸ்.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய ஆட்களில் ஒருவரே அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஒன்பது பேரும் போய்விட்டால் கான்ட்ராக்ட் வரும், வரி ஏறாது. அதற்காகத்தான் அவர் ஆறு மாசமாக மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். சட்டையை விடுவித்துக்கொண்டு மறுபடியும் சொன்னார்.

"நேத்தும் வந்துச்சு, இன்னைக்கும் வந்துச்சு. தொழுகைக்கு ஒளூ செய்யக் கையில தண்ணி ஏந்தும்போதே தெரிஞ்சுது. ஸ்ட்ரைக்குன்னு சொல்றாக, மருந்து வாடை எப்படி வருதுன்னு வீட்டுல சொல்லிக்கிட்டு இருந்தேன். தெரியாத மாதிரி இருக்க எனக்கு வராது சார்."

ஈஸ்வரன் எழுத்தரை அனுப்பித் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துவரச் சொன்னார். சோதனைக் குழாயில் இரண்டு சொட்டு ரசாயனம் விட்டதும் தண்ணீர் மஞ்சளாகத் திரும்பியது; மருந்து கலந்திருந்தால்தான் அப்படி மாறும். அவர் அதை வெயிலில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"உள்ள வா" என்றார் பொன்னுமணியிடம்.

அவர் மேசைமேல் ஒரு வெள்ளைத்தாள் வைத்தார். "எழுதிக் குடு. ரெண்டு நாளும் விடுப்பை ரத்து செய்துக்கிட்டு வழக்கம்போல வேலைக்கு வந்தேன், மருந்து போட்டேன்னு. கையெழுத்துப் போடு."

"போட்டா என்ன ஆகும் சார்?"

"விடுப்புல எட்டுப் பேருதான்னு ஆகும். எட்டுன்னா பாதி இல்ல. பாதி இல்லேன்னா ஸ்ட்ரைக்கு இல்ல. இந்த ஒன்பது உறையும் குப்பைக்குப் போகும். தண்ணிக்கு மருந்து போட்டதாவும் பதிவாகும்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் மூச்சை விட்டார்.

"போடலேன்னா?"

"ஒன்பது பேருக்கும் இந்த உறை. அப்புறம் ரெண்டு நாளா ஊருக்கு மருந்தில்லாத தண்ணின்னு நானும் எழுதிக் குடுக்கணும்."

அவருக்கும் பயம். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. ஜன்னல் வழியாகப் பந்தலைப் பார்த்தாள். எட்டுப் பேரும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கையெழுத்தைப் போட்டால், போராட்டத்தின்போது வேலைக்குப் போனவள் என்று அரசாங்கத் தாளில் அவளே எழுதிக்கொடுத்ததாக ஆகும். சுடலைகூட அப்படி எழுதிக் கொடுக்கவில்லை. நாளைக்கு மனுவிலிருந்து அவள் பேரை அடிக்க அந்த ஒரு தாளே போதும். போடாவிட்டால் அடிப்பதற்கு எவர் பேரும் மிஞ்சாது.

'பொன்னு'வுக்குப் பிறகு 'மணி' கோணலாக இறங்கியது. ஈஸ்வரன் தாளை எடுத்து, மை காய ஊதி, கோப்பில் வைத்தார். உறைகளை மேசை டிராயருக்குள் தள்ளிப் பூட்டினார். கிழிக்கவில்லை.

"நாளைக்கு மூணாவது நாள்" என்றார். "நாளைக்கு நீ லீவுன்னா மறுபடியும் ஒன்பது. தெரியுதுல்ல?"

அவள் வெளியே வந்தபோது பந்தலில் எழுந்து நின்றார்கள். யாரும் திட்டவில்லை. உட்கார இடம் விடவும் இல்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் யாரோ சொம்பை வைத்திருந்தார்கள். வரிக்காரர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் அப்துல் அஜீஸிடம் ஏதோ கடுமையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் குல்லாவைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரையும் இனி ஒரு கூட்டம் ஒதுக்கி வைக்கும் என்று பொன்னுமணிக்குத் தோன்றியது.

மனோஜ் ஜீப்பை எடுக்கப் போனான். சின்ராசு அவளருகே வந்தான்.

"நாளைக்கும்... போயிருங்கக்கா" என்றான்.

"மேலயா?"

"ம்."

"நீதான் போகக் கூடாதுன்ன."

"சொன்னேன். இப்போ போகணும்னு சொல்றேன். நீங்க போகலேன்னா நாங்க எட்டுப் பேரும் தெருவுல நிப்போம்." அவன் சிரிக்க முயன்றான். வரவில்லை. "கூட ஆள் அனுப்பலாம்னு பாத்தா, அனுப்புற ஆளும் வேலைக்கு வந்ததா ஆகிரும். அப்புறம் லீவுன்னே ஒண்ணு இருக்காது. நீங்க ஒத்தையாத்தான் போகணும்."

பொன்னுமணிக்குக் காலையில் கதவிடுக்கில் பார்த்த அந்தச் சுவர் ஞாபகம் வந்தது.

"போறேன்" என்றாள். "மனுவுல என் பேரு?"

சின்ராசு பந்தலைத் திரும்பிப் பார்த்தான். ஏழு பேரும் வேறெங்கோ பார்த்தார்கள்.

"மனுவுல பணிமூப்புப்படி ஒங்க பேருதான்கா மொதல்ல இருக்கு. அதை எடுத்தா எல்லாத்தையும் முதல்லருந்து டைப் அடிக்கணும்னு வக்கீலு சொல்லுவாரு."

"அப்போ எடுக்க மாட்டீங்களா?"

"கூட்டம் போட்டுத்தான் முடிவு பண்ணணும். என் ஒருத்தன் கையில இல்ல." பிறகு சொன்னான்: "இன்னைக்கு எடுக்கல."

ஜீப்பு வந்து நின்றது. பொன்னுமணி ஏறி உட்கார்ந்தாள். இன்னைக்கு எடுக்கல. தேவலை. நாளைக் காலை ஐந்தரைக்கு அவள் மலைமேல் இருப்பாள். கூட்டம் எப்போது போடுவார்கள் என்று கேட்க மறந்துவிட்டாள். திரும்பிப்போய்க் கேட்கத் தைரியம் இல்லை.